மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ரேஸ் கார்

பம்மல் சம்பத் 1969-இல் ஒரு பழைய ரேஸ் கார் வாங்கினார். தம்பி ஏகநாதனோடு கூட்டாக வைத்திருந்த ஜல்லி லாரியில் தன் பாதிப் பங்கைத் தம்பிக்கே விற்றுவிட்டு வாங்கினார். முதலில் ஊரில் யாரும் இதை நம்பவில்லை. திரிசூலத்துக் குவாரியிலிருந்து பல வருஷம் ஜல்லி ஏற்றியவர் அவர். ஒரு போல்ட் மாற்றுவதற்கும் இரண்டு கடை ஏறி இறங்குகிற மனிதர்.

ஆனால் அவர் யோசனையில் ஒரு நியாயம் இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, நாயனமும் காஸ் லைட்டும் முன்னால் போக, ஊர்வலமாக அழைத்து வருவது வழக்கம். கூரையில்லாத கார் வேண்டுமென்றால் பல்லாவரத்துக்காரரும் தாம்பரத்துக்காரரும் மயிலாப்பூருக்குத்தான் போக வேண்டும். இந்தப் பக்கத்திலேயே ஒன்று இருந்தால்? லாரியில் எந்த லோடு எடுப்பது, எந்த டயர் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் தம்பியிடம் வாதாட வேண்டாம். தன் வண்டி, தன் சொல். நாற்பது வயதைத் தாண்டிய சம்பத்துக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கார் சிவப்பு நிறம். இரண்டு சீட். பின்னால் மாப்பிள்ளை உயர்ந்து உட்காரத் தோதான மேடு. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சோழவரம் பந்தயத்தில் ஓட்டிவிட்டு, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. சம்பத் லாரிக்காரர் பார்க்கிற முறையில் பார்த்தார். புகை இல்லை, ஆயில் ஒழுகல் இல்லை, சேசிஸ் நேராக இருந்தது. ஒன்றுதான் இடித்தது.

"ரேடியேட்டர் விசிறி எங்க?"

"ரேஸ் வண்டிக்கு விசிறி எதுக்குண்ணா?" என்றான் புரோக்கர் சேட்டு. "ஓடுற ஓட்டத்துல காத்து தானா பூந்துக்கினு வரும்."

அது பொய் இல்லை. வண்டி ஓடவேண்டும், அவ்வளவுதான்.

தாம்பரத்து மெக்கானிக் தனசிங் ஒரு டாக்ஸியின் விசிறியை வெட்டிச் சின்னதாக்கிப் பொருத்தினார்.

"விசிறி வச்சிட்டேன் அண்ணே. ஆனா ஃபர்ஸ்ட் கியர்லயே இது சைக்கிள் வேகத்துக்குக் கீழ இறங்காது. நாயனக்காரன் பின்னால நடக்கணும்னா கிளட்ச்சைப் பாதி மிதிச்சுக்கினே போவணும். பிளேட் தாங்காது."

"லாரியில நான் மிதிக்காத கிளட்ச்சா?"

"லாரி பிளேட்டு தோசைக்கல்லு. இது அப்பளம்."

முதல் கல்யாணம் சின்னத் தெரு, தப்பித்தது. அடுத்ததில் எஞ்சின் பிளக்குகளில் கரி பிடித்து வண்டி திணறியது. வேகமாக ஓடும்போது தானே எரிந்துபோகும் கரி, ஊர்ந்து போனால் படிந்துகொண்டே இருக்கும். அதற்கடுத்த கல்யாணத்தில் கிளட்ச் பிளேட் தீய்ந்து, அந்த வாடை பூ வாசனையையும் தாண்டி வந்தது. சீமைப் பிளேட் இறக்குமதி கிடையாது. புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையில் வேறு வண்டியின் லைனிங்கை வாங்கி ரிவிட் அடித்தார்கள். ஒரு கல்யாணத்து வாடகை, வண்டியை அடுத்த கல்யாணத்துக்குத் தயார் செய்வதிலேயே கரைந்தது. பிறகு அதுவும் போதாமல் அந்தக் கடையில் கடன் சொல்லி வாங்கினார்.

"ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆவுது" என்றாள் மனைவி ஜெயக்கொடி. "நம்ம வூட்ல அந்தப் புதுப்பேட்டைக்காரன் மாப்ள கணக்கா வந்து உக்காந்துகினு கீறான். காப்பி வேற குடுக்கணும்."

1971 வைகாசியில் திருநீர்மலை அரிகிருஷ்ணன் மகள் கல்யாணம் வந்தது. கழனியை மனை போட்டு விற்று வசதியானவர், உறவு பெரிசு. இந்த ஊர்வலம் நன்றாக நடந்தால் அந்த உறவில் வரும் கல்யாணம் எல்லாம் சம்பத்துக்கு. நடக்காவிட்டால் அவருக்கு வேறு போக்கில்லை.

பூக்காரர்கள் வண்டியின் முன்பக்கத்தை மல்லிகைச் சரத்தால் திரைபோல மூடினார்கள். சம்பத் ஓடி வந்தார்.

"அங்க வேணாம்பா. காத்து போற எடம்."

அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். "மொகத்துல பூ இல்லாம மாப்ள வண்டியா? மூளியா கீது. நல்லா கட்டுங்கடா."

வண்டி தன்னுடையது, சொல் தன்னுடையதாக இல்லை. சம்பத் நகர்ந்து நின்றார்.

நாயனக்காரர் நல்ல வித்துவான். ஒவ்வொரு முக்கிலும் நின்றார்; கூட்டம் ரசிக்க ரசிக்க ராகத்தை விரித்தார். சம்பத் வித்துவானைப் பார்க்கவில்லை, சூடு காட்டும் மீட்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறியது. எஞ்சினை நிறுத்தினால் சூட்டில் மறுபடி பிடிக்காது. நிறுத்தாவிட்டால் தண்ணீர் கொதிக்கும்.

"அண்ணா, கொஞ்சம் நடந்துகினே வாசிங்க" என்று குனிந்து கெஞ்சினார்.

"ராகத்தை உன் வண்டி கிட்ட கேட்டுகினா வாசிக்கிறது?"

அடுத்த முக்கில் மல்லிகைத் திரை வழியே ஆவி வந்தது. உள்ளே ஏதோ தட்டியது. எஞ்சின் நின்றது.

"இன்னா டிரைவரே, இட்லி எத்தினி ஈடு?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது. பெண் வீட்டுக் கிழவிகள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. மாப்பிள்ளை பாதியில் இறங்கவும் கூடாது. பங்காளிகள் ஆறேழு பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். சம்பத் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாயனத்துக்குச் சரியான வேகத்தில் கார் அன்றுதான் போனது.

அரிகிருஷ்ணன் பேசிய வாடகையைக் குறைக்காமல் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னொரு முறை கூப்பிடுவார் என்று நம்பியிருக்கலாம்.

மறுநாள் ஏகநாதன் லாரியோடு வந்து, கயிறு கட்டிக் காரைத் தாம்பரத்துக்கு இழுத்தான். தனசிங் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி அதன் மேல் இரும்பு அடிக்கோலை வைத்துப் பார்த்தார். கோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"வளைஞ்சிடுச்சி அண்ணே. சோழவரத்துப் பசங்க கேட்டுகினு கீறாங்க, இந்த நெலமையிலயே எடுத்துப்பாங்க. அவங்க கிட்ட நல்லா ஓடும்."

"குடுத்துடு" என்றார் சம்பத். வருவது புதுப்பேட்டைக் கடனுக்குச் சரியாக இருக்கும். லாரிப் பங்கைத் திரும்ப வாங்க எதுவும் மிஞ்சாது. அது மூவருக்கும் தெரியும்.

ஏகநாதன் வெளியே வந்து கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகியிருந்தது.

"அண்ணே, டிரைவர் நின்னுட்டான். வர்றியா?"

"பங்குக்கா, சம்பளத்துக்கா?"

ஏகநாதன் தலையை நிமிர்த்தவில்லை. "சம்பளத்துக்குத்தாண்ணே. வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

சம்பத் குனிந்து அவன் கையை விலக்கிவிட்டு முடிச்சைத் தானே அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டி லாரியில் போட்டார்.

"காலைல எத்தினி மணிக்கு லோடு?" என்று கேட்டார்.