பரபாஸ் ஓடாமல் நின்ற வெள்ளிக்கிழமை

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கினேன். கோயம்புத்தூருக்குக் குடிபோய் இருபத்திரண்டு வருடங்கள். விடுமுறைக்கு மண்டிகள் அடைத்திருந்தும் மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறியது. இரண்டு தும்மல் போட்ட பிறகுதான் ஊருக்கு வந்துவிட்டதை உணர்ந்தேன்.

திருத்தங்கலுக்குப் பேருந்தில் இருபது ரூபாய். அங்கிருந்து விஸ்வநத்தத்துக்கு ஆட்டோ.

"பாஸ்கா நாடகத்துக்கா வந்திருக்கீக?" என்றார் ஆட்டோக்காரர். "நாலு வருசம் கழிச்சு மாரியப்பண்ணன் மறுபடி நடிக்காக."

மாரியப்பன் என் பள்ளித்தோழன், பட்டாசு ஆலைத் தொழிலாளி. மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு. குரல் பெரிதென்று, கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் அவனை இயேசுவின் பாடுகளைக் காட்டும் இந்த நாடகத்துக்கு இழுத்து வந்தார். நான் தீர்ப்புச் சொல்லும் ஆளுநன் பிலாத்து, அவன் பரபாஸ். கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்தவன் பரபாஸ். பண்டிகைக்கு ஒரு கைதியை விடுவிக்கும் வழக்கப்படி, "இவனையா, இயேசுவையா?" என்று பிலாத்து கேட்பான். கூட்டம் பரபாஸைக் கேட்கும். விலங்கு கழன்றதும் மாரியப்பன் ஆடிக்கொண்டே கூட்டத்துக்குள் பாய்வான். விசில் பறக்கும். எனக்கு ஒருநாளும் ஒரு விசில்கூட விழுந்ததில்லை.

ஒன்பதரை மணிக்கு அவன் வீட்டில் காப்பி குடித்தோம். இத்தனை வருடம் ஏன் நடிக்கவில்லை என்று கேட்டேன்.

"மக சடங்குன்னு லீவு போட்டேம்லே. மருந்து கலக்குற ரூம்ல எனக்குப் பதிலா சேகரு நின்னான். அன்னைக்குத்தான் தீப்பிடிச்சது. எனக்கு வந்த சாவுலே அது."

சேகரின் மனைவி செல்வி இருக்கும் தெருப்பக்கமே அவன் போவதில்லையாம்.

"பெறகு இப்ப ஏன் ஒத்துக்கிட்ட?"

"பங்குச் சாமியார்கிட்ட கேட்டேன், விடுதலையான அந்தாளு பெறகு என்ன ஆனாருன்னு. வேதத்துல அதுக்கு மேல ஒரு வரியும் இல்லையாம். ஒருக்கா மேடையில நின்னு பாக்கணும்போல இருந்துச்சு."

மூன்று மணிக்கு மாதா கோயில் மைதானத்தில் நாடகம் தொடங்கியது. வெயிலில் தலைக்குத் துண்டு போட்டபடி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். மாரியப்பனின் மனைவி என்னிடம் முன்வரிசையைக் காட்டி, "செல்வி வந்திருக்குண்ணே" என்றாள்.

அச்சகத்தில் வேலை பார்க்கும் இளைஞன்தான் இப்போது பிலாத்து. அவன் கேட்டான், கூட்டம் கத்தியது, விலங்கு கழன்றது. மாரியப்பன் ஓடவில்லை. இயேசுவாக நடித்தவரைப் பார்த்தபடி அப்படியே நின்றான். ஒரு சேவகன் மெல்லத் தள்ளினான், அசையவில்லை. விசில்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

செல்வி எழுந்தாள்.

"அண்ணே, அதான் விட்டாச்சுல்ல. எம்புட்டு நேரம் நிப்பீக? எறங்கி வாங்க."

மாரியப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு படியிறங்கி அவள் முன்னால் கைகூப்பி நின்றான். செல்வி பக்கத்திலிருந்த தன் மகளை நகர்த்தி இடம் விட்டாள். கைதி வேடத்திலேயே உட்கார்ந்து மீதி நாடகத்தை அவன் பார்த்தான்.

ஐந்தே முக்காலுக்குப் பேருந்து ஏறினேன். கோயம்புத்தூரில் நான் போகும் ஆலயம் பெரியது. அங்கே வருடாவருடம் பரபாஸின் பெயரை வாசிப்பார்கள். அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நானும் பிலாத்துவாக நின்ற நாட்களில் அவனை விட்டதோடு மறந்துவிடுவேன். விடுதலையான பிறகு அவனுக்கும் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.