சாங்வியில் அக்காவின் மிஷ்ரி டப்பா

புணே என்றதும் கோட்டை, மலைப்பாதை, மிசள் பாவ் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை நான் ஒரு கோட்டையும் ஏறவில்லை. போன ஆகஸ்டில், என் அக்கா செல்வியின் வாய்க்குள் ஆறாமல் இருந்த ஒரு புண்ணுக்காகப் போனேன். உறவினரைக் கூட்டிக்கொண்டு வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து மும்பை ரயிலில் புணேவுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம். மூன்றடுக்கு ஏசியில் ஆயிரத்து நானூறு ரூபாய்ச் சொச்சம். சோலாப்பூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனிலிருந்து அக்கா வீடு இருக்கும் சாங்வி பத்துப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கொடுத்தேன். "கூம்னே ஆயே க்யா?" என்று கேட்டார் ஓட்டுநர். சுற்றிப் பார்க்க இல்லை, ஆஸ்பத்திரிக்கு என்றேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். நல்ல மனிதர்.

அக்கா திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகிப் போனவள். அத்தான் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். மகள் ஸ்வாதிக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆகவே அக்காவின் தமிழ் மொத்தமும் தினமும் சாயங்காலம் போனில் என் காதில்தான் கொட்டும். நான் "ம்" கொட்டினால் போதும்.

"வந்துட்டியால? சாப்டியா?" என்றபடி கதவைத் திறந்தாள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. ரசம் சாதத்தைக் குழைத்து ஸ்பூனால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எட்டு மணிக்கே போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் உட்கார இடமிருக்காது. இளம் டாக்டர் ஒருவர் குறித்துக்கொண்டே கேட்டார். புகையிலை உண்டா? குட்கா? பீடி? அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "சீச்சீ, எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது" என்று மராத்தியிலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னாள். அத்தான்கூட வெற்றிலை போட்டதில்லை, அது உண்மைதான்.

பெரிய டாக்டரம்மா வந்தார். வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல், "பல்லை எதால் தேய்க்கிறீர்கள்?" என்றார்.

"காலைல பேஸ்ட். மத்தியானமும் ராத்திரியும் மிஷ்ரி."

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மிஷ்ரி தெரியாதவர்களுக்கு: புகையிலையைத் தோசைக்கல் மாதிரியான தவாவில் கருக வறுத்துப் பொடித்தால் மிஷ்ரி. அங்கே பெண்கள் பலர் அதை விரலால் ஈறில் தேய்ப்பார்கள். அவர்களுக்கு அது பல்பொடி. குளியலறை அலமாரியில் அந்த டப்பாவை நானும் காலையில் பார்த்தேன், நம்மூர்க் கரிப்பொடி என்று நினைத்து மூடி வைத்தேன்.

கொரோனா ஊரடங்கில் அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. பல்லைக் குடைந்தால் எச்சில் தெறித்து நோய் பரவும் என்று பல் டாக்டர்கள் கிளினிக்கைச் சாத்தியிருந்த நேரம். போனில் வலி மாத்திரை சொன்னார்கள், அதற்கு வலி கேட்கவில்லை. கீழ்வீட்டு சுனந்தா தாயிதான் தன் மிஷ்ரியில் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. தேய்த்ததும் மரத்தது, வலி போனது. கிளினிக் திறந்தபோது, வலி இல்லாத பல்லுக்கு எதற்கு டாக்டர் என்று அக்கா போகவில்லை. மிஷ்ரிப் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சதையை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். தாடையில் ஒரு பகுதியையும் நாக்கின் ஓரத்தையும் எடுக்க வேண்டும், பேச்சு பழையபடி தெளிவாக வராமல் போகலாம் என்றார் டாக்டரம்மா. அக்கா தலையாட்டினாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் சுனந்தா தாயி குழைவான கிச்சடி கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். மிஷ்ரியால் வந்த நோய் என்று அவருக்குத் தெரியாது.

"அவகிட்ட சொல்லிராதல. மருந்துன்னு நெனச்சுத்தான் குடுத்தா. தாங்க மாட்டா."

"அவங்களும் தேய்க்காங்கல்லா, அக்கா?"

அக்கா கிச்சடியை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய அன்று, பையெல்லாம் கட்டியாயிற்று, ஆட்டோவும் வந்துவிட்டது. அக்கா கீழ்வீட்டுக்குள் நுழைந்தாள். "நாளைக்கு எனக்குப் பேச்சு வராது. இன்னைக்கே சொல்லிருதேன்" என்றாள் என்னிடம். தாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மராத்தியில் நிறுத்தாமல் பேசினாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. தாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடிக்கும் வரை அக்கா கையை விடவில்லை. மழையில் ஆட்டோ காத்திருந்தது.

ஆபரேஷனுக்கு முன் பேரென்ன, எந்தப் பக்கம் என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள், ஆள் மாறாமல் பக்கம் மாறாமல் இருக்கத்தான் அந்தக் கேள்வி. அதே அக்கறையோடு வீட்டில் நாமும் ஒன்று கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டுப் பெண்களிடம் புகையிலை உண்டா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். பல்லை எதால் தேய்க்கிறாய் என்று கேளுங்கள். இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். துணைக்குப் போகிறவர்கள் போர்வையும் பிளாஸ்கும் எடுத்துப்போங்கள். ஆகஸ்டில் வராந்தா குளிரும்.

சுனந்தா தாயி பரிசோதனைக்குப் போனார். வெள்ளைத் திட்டு இருந்தது, ஆரம்பம்தான், பிழைத்தார். மிஷ்ரியை விட்டுவிட்டார்.

எங்களுக்குள் சாயங்காலப் போன் இன்னும் உண்டு. இப்போது நான் பேசுகிறேன், அக்கா "ம்" கொட்டுகிறாள். போன வாரம் அவளாகவே ஏதோ கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஸ்வாதி போனை வாங்கினாள்.

"மாமா, அம்மா கேக்குது... நீ சாப்டியான்னு."