ஜெபராணியும் நானும் பிள்ளை வார்டும்

ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பெரியவர்களைப் பார்க்கிற நர்ஸுக்கு ஒரு வசதி உண்டு; நோயாளியே வாயைத் திறந்து "இங்கன வலிக்கு" என்று சொல்லிவிடுவார். பிள்ளை வார்டில் அதுவும் கிடையாது. கால் வீங்க வார்டில் நடந்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது விளங்கும்.

என் பேர் ஆவுடை. ஊர் ஆழ்வார்குறிச்சி. தட்டுத் தடுமாறி நர்ஸ் படிப்பை முடித்தேன், அதோடு புத்தகத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் இருபத்திரண்டு வருஷம் ஆண்கள் வார்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று தனி வார்டு கட்டியபோது, பழைய நர்ஸுகளில் இரண்டு பேரைப் பொறுக்கி ஆறு மாசப் பயிற்சிக்குப் போட்டார்கள். முடிவில் ஒருத்திக்கு அந்த வார்டின் பொறுப்பு, இன்னொருத்தி பழைய இடத்துக்கே போகவேண்டும் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். ஒருத்தி நான். இன்னொருத்தி ஏரல் ஜெபராணி. படிக்கும்போது என்னோடு ஒரே அறையில் இருந்தவள். ராத்திரி வரைக்கும் அவள் சீலை மடிப்பு கலையாது. எனக்குக் காலை இட்லிக்கே கலைந்துவிடும். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். வேறு எவளுக்குக் கிடைத்தாலும் பொறுத்துக்கொள்வேன், ஜெபராணிக்குக் கிடைக்கக் கூடாது. உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் நாள் மரியாதை

இருபது நாள் பச்சைப்பிள்ளை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் குனிந்தேன், வைத்தேன், பழக்க தோஷத்தில் வாயில் வந்தது: "அண்ணாச்சி, மூச்சை நல்லா இழுத்து விடுங்க!" வார்டே சிரித்தது. குழாய் சில்லிட்டதில் அண்ணாச்சி வீறிட்டு அழுது, என் வெள்ளைச் சீலையில் மூத்திரமும் பெய்துவிட்டார்.

ஜெபராணி குழாயின் வட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, பைய வைத்தாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையின் அப்பா, மேலப்பாளையத்து ஆட்டோக்காரர், என்னைத்தான் தேற்றினார்: "விடுங்க சிஸ்டர், எம்மவனை இம்புட்டு மரியாதையா இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல."

அத்தை போட்ட வெள்ளி

பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரைதான். பிள்ளைக்கோ எடையைப் பார்த்துத்தான் மருந்து. எட்டு மாசப் பிள்ளை ஒன்று வந்தது. கையில் காப்பு, காலில் தண்டை, இடுப்பில் கெட்டியான வெள்ளி அரைஞாண். "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றேன். கூட வந்த அத்தை முறைத்தாள். "நான் போட்டது. பிள்ளை நடக்கிறவரை இறங்கப்படாது." நான் சட்டம் பேசினேன், அவள் உறவு பேசினாள். பிள்ளை எடை மேடையில் கிடந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

ஜெபராணி வந்தாள். "மதினி, நீங்களே அவுத்து உங்க கையிலயே பொத்தி வெச்சுக்கிடுங்க. அத்தை கையில இருந்தா பிள்ளை இடுப்புல இருந்த மாதிரிதான?" அத்தை மறுபேச்சுப் பேசாமல் அவிழ்த்தாள். அதோடு விட்டாளா? என் பக்கம் திரும்பி, "அந்த சிஸ்டர் கேட்டா கழுத்துச் செயினையே கழட்டிக் குடுத்திருவேன். நீங்க கேக்கியது போலீஸ்காரர் கேக்கிய மாதிரில்லா இருக்கு!"

உள்ளங்கால்

சளி இருமலோடு வந்த பத்து மாசப் பிள்ளையின் பாதத்தில், ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை நான் மாட்டினேன். மெஷினில் எண் சரசரவென்று இறங்கியது. "டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கத்திக்கொண்டே சிலிண்டரை உருட்டினேன். பிள்ளையோ கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜெபராணி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் நிறைய, அப்பளம் மாதிரி வட்டமாகக் கண்மை. திருஷ்டிப் பொட்டு! கிளிப்பின் வெளிச்சம் அதைத் தாண்டிப் போகவில்லை. பஞ்சில் எண்ணெயைத் தொட்டு அவள் துடைத்துவிட்டு மாட்டியதும் எண் மேலே ஏறி நின்றது. ஓடி வந்த டாக்டர் அவளைத் தட்டிக்கொடுத்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையின் அம்மா என் பார்வையைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "எத்தனை கண்ணு எப்பிடி எப்பிடி இருக்கோன்னுதான் பெருசா வெச்சேன் சிஸ்டர்."

கட்டிப்போட்ட கை

ஒரு வேலையில் மட்டும் ஜெபராணி என் பக்கத்தில் வர முடியாது. நரம்பு பார்த்து டிரிப் ஊசி ஏற்றுவது. கண்ணுக்குத் தெரியாத நரம்பும் என் விரலுக்குத் தெரியும். காய்ச்சலோடு வந்த இரண்டு வயசுச் சிறுமிக்கு வலது கையில் ஒரே குத்தில் ஏற்றி, அட்டை வைத்துக் கட்டிவிட்டு, ஜெபராணியை ஒரு பார்வை பார்த்தேன்.

பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லை. பாலும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். சாயங்காலம் ஜெபராணி அதன் அம்மாவிடம் கேட்டாள், "பிள்ளை எந்தக் கை விரலைச் சப்பும்?" வலது கைக் கட்டைவிரலாம். நான் கட்டிப்போட்டதே அதைத்தான். ஆண்கள் வார்டில் எந்த அண்ணாச்சியிடம் இதைக் கேட்டிருக்கிறேன்? இடது கைக்கு மாற்றினேன். கட்டைவிரல் வாய்க்குள் போன மறுநிமிஷம் பிள்ளை தூங்கிவிட்டது. ஜெபராணி என் காதோரம் சொன்னாள்: "ஏட்டி ஆவுடை, உன் கெட்டிக்காரத்தனம் விரல்ல இருக்கு. அந்தப் பிள்ளைக்குத் தூக்கமே விரல்லதான் இருக்குட்டீ."

மூன்றாவது குத்து

ஆறாவது மாசம் பரீட்சை. வெளியூரிலிருந்து பெரிய டாக்டர் வந்திருந்தார், பக்கத்தில் மேட்ரன். ஆளுக்கொரு பிள்ளைக்கு டிரிப் ஏற்ற வேண்டும். என் பங்குக்கு மூன்று வயசுப் பயல். முதலில் அவன் அம்மாவைக் கேட்டேன், எந்த விரல் என்று. இடது என்றாள். வலது கையில் ஒரே குத்து. பயல் அழுவதற்குள் வேலை முடிந்தது. பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். வார்டுச் சாவியே என் இடுப்பில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

ஜெபராணிக்கு வாய்த்தது வயிற்றுப்போக்கில் வற்றிப்போன ஒரு வயசுப் பிள்ளை. முதல் குத்து தவறியது. என் வயிறு குளிர்ந்தது. இரண்டாவதும் தவறியது. மூடி மறைப்பானேன், எனக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் ஊசியை மூன்றாவது தடவை எடுத்தாள். பிள்ளையைப் பார்த்தாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். இரண்டு தடவை தவறினால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் நோட்டில் இரண்டு பேரும்தான் எழுதியிருக்கிறோம். ஆனால் பரீட்சையில் எவள் செய்வாள்? "சார், இதுக்கு மேல இந்தப் பிள்ளையைக் குத்தப்படாது. ஆவுடைக்குக் கை வரும். அவ போடட்டும்" என்றாள்.

போனேன். தடவினேன். ஒரே குத்து, நரம்பு கிடைத்து ஊசியில் ரத்தம் ஏறியது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில், வார்டுப் பொறுப்புக்கு ஜெபராணி பேர். நேரே மேட்ரனிடம் போய் நின்றேன். "ரெண்டு பிள்ளைக்கும் நான்தான சிஸ்டர் போட்டேன்?" மேட்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா ஆவுடை, நீதான் போட்ட. நீ தவற விட்டிருந்தா, அந்த மூணாவது குத்தை ஜெபராணி கையில குடுத்திருப்பியா?"

கடைசியாக

அன்றைக்கே ஆண்கள் வார்டுக்குத் திரும்பி, பழைய அலமாரியில் பையை வைத்துப் பூட்டினேன். மூன்றாம் நாள் மேட்ரன் ஆளனுப்பினார். பொறுப்பேற்ற கையோடு ஜெபராணி எழுதிக் கொடுத்த முதல் கடிதமே, நரம்பு பார்க்க ஆவுடை இல்லாமல் இந்த வார்டு நடக்காது, அவளை என்னிடம் அனுப்புங்கள் என்பதுதானாம்.

அவள் மேல் நிம்மதியாகப் பொறாமைப்படவும் எனக்கு வழியில்லாமல் பண்ணினதுதான், அந்தக் கெட்டிக்காரி கடைசியாகச் செய்த காரியம்.