ஜமாலின் கித்தாருக்கு நீட்டிய மைக்

பதினாறு வயதில் செசிலியாவை மாதா கோயில் பாடகர் குழுவின் பெண்கள் வரிசையிலிருந்து கிளப்பி, ஆண்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. குரல் அப்படி. மற்ற பெண்கள் மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் கீழே இறங்கியது. இறங்கின இடத்தில் கரகரவென்று நின்றது. அன்று வீட்டுக்கு வந்து அழுதபோது, யாங்கூனின் அலோன் படகுத்துறையில் அரிசி மூட்டை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த அவள் அப்பா சகாயராஜ் சிரித்தார். "உனக்கு எங்க துறைக் குரல்டி. அதை வச்சிக்கிட்டு நீ ஏன் அழுவுறே?" என்றார்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு இருபத்தைந்து வயதுவரை தெரியவில்லை. நகரின் நடுவே கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். அதற்கு நாலு கடை தள்ளி, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்க்கும் ஜமாலின் கடை. சூலியா முஸ்லிம் குடும்பம், தமிழ் பேசுவார், கித்தார் வாசிப்பார். 1994-இல் ஒரு மதிய வேளை, தன் ரேடியோவைத் திரும்ப வாங்கப் போனவள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் பாட்டு. அவசரமே இல்லாத கித்தார். குரலில் அதே கரகரப்பு.

"யாரு பாய் இது?"

"தெரியலம்மா. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த பெட்டியில இந்தக் கேசட்டு மாட்டிக்கிட்டு இருந்தது. பேர் ஒட்டலை" என்றார் ஜமால். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் குரலும் இப்படித்தானே இருக்கு."

அந்தப் பாடகியின் பெயரை அவர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த ஒலிநாடா தேயும் வரை கேட்டார்கள். அது புளூஸ் என்று பிற்பாடு ஒரு கப்பல்காரர் சொல்லித் தெரிந்தது. ஒரு வரியைச் சொல்வது, பதில் கிடைக்காதவர்போல அதையே இன்னொரு முறை சொல்வது, மூன்றாவது வரியில் மனத்தைத் திறப்பது. அவ்வளவுதான் அதன் இலக்கணம் என்று ஜமால் சொல்வார். செசிலியாவுக்கு அது போதுமாக இருந்தது.

இருவரும் ஒரு டிரம்ஸ்காரரையும் சேர்த்துக்கொண்டு கல்யாணங்களிலும் ஹோட்டல்களிலும் வாசித்தார்கள். கேட்க வந்தவர்களுக்கு வேண்டியது வேறு பாட்டு. அதைக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒன்றோ இரண்டோ தங்கள் பாட்டை நுழைப்பார்கள். அப்பா இறந்த வருடம் செசிலியா பர்மிய மொழியில் ஒரு பாட்டு எழுதினாள். மூட்டையை இறக்கிப் போட்டாச்சு, முதுகு இன்னும் நிமிரவில்லை என்று தொடங்கும். மறுபடியும் அதையே சொல்லும். நிமிர்ந்தால் உன்னைப் பார்க்கலாம், அதற்குள் கப்பல் போய்விட்டது என்று முடியும். அந்த முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் இடையில் ஜமால் ஐந்து சுரங்கள் வாசிப்பார். வேறெதுவும் இல்லை, ஐந்தே சுரங்கள். அதைக் கேட்கவென்றே வருகிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் யாங்கூனில் இருந்தார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. செசிலியாவைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பங்கள், அவள் பாடுகிற இடங்களைக் கேட்டுவிட்டுப் போயின. அவள் தங்கை அஞ்சலியோடு அலோனிலேயே இருந்தாள். ஜமால் கடையை மூடிவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். 2018-இல் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது, பிறகு கம்பிகளில்.

மறு வருடம் ஒரு தனியார் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு மாலை நேரலை நிகழ்ச்சி. நாடு முழுக்கப் பார்ப்பார்கள். அந்த மூட்டைப் பாட்டைப் பாட வேண்டும். செசிலியாவுக்கு வயது ஐம்பது. அதுவரை யாரும் அவளை அப்படி ஓர் இடத்துக்குக் கூப்பிட்டதில்லை. ஜமால் பாய் கித்தார் வாசித்தால்தான் வருவேன் என்றாள். அவர்களும் சரி என்றார்கள்.

புதன்கிழமை ஒத்திகை. ஜமால் மூன்று இடத்தில் தடுமாறினார். அவர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கோ தெட் நைங் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ஆன்ட்டி, ஜமால் சயாவை மேடையிலேயே வைத்துக்கொள்வோம். கையில் கித்தார் இருக்கும். ஆனால் அதன் ஒலி இணைப்பை மூடிவிடுவோம். எங்கள் பையன் பின்னாலிருந்து வாசிப்பான். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சயாவுக்கும் இந்தச் சத்தத்தில் தெரியவே தெரியாது."

செசிலியா மேடையில் இருந்த ஜமாலின் கித்தாரைப் பார்த்தாள். அப்புறம், "அவர் மனசு கஷ்டப்படாம பாத்துக்குங்க" என்று மட்டும் பர்மியத்தில் சொன்னாள். அது சம்மதம்தான் என்பது இருவருக்கும் தெரிந்தது.

வீட்டில் அஞ்சலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "அவுருகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

வியாழன் போயிற்று. வெள்ளி, சனி போயின. ஞாயிறு மதியம் இரண்டு பேரும் ஒரே காரில் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். ஜமால் புது லோன்ஜி கட்டியிருந்தார். "இன்னிக்குக் கை கொஞ்சம் தேவலை" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேரலை தொடங்கியது. விளக்குகள், கைதட்டல். செசிலியா முதல் வரியைப் பாடினாள். ஐந்து சுரங்கள் வந்தன. சுத்தமாக, பிசிறில்லாமல் வந்தன. அந்தச் சுத்தமே அவளைக் குத்தியது. இரண்டாவது வரிக்கு முன்னால் ஜமால் பக்கம் திரும்புவது அவளுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். பழக்கத்தில் திரும்பினாள். ஜமாலின் கை கம்பிகளின் மேல் அசையாமல் படுத்திருந்தது. அவர் கோபமாக இல்லை. வழி தவறி வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செசிலியா கையைத் தூக்கினாள். ஸ்டுடியோக் குழுவின் டிரம்ஸ் நின்றது, பிறகு பியானோ, கடைசியாகத் திரைக்குப் பின்னாலிருந்த கித்தார். கேமராவுக்குப் பக்கத்தில் கோ தெட் நைங் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"மன்னிச்சிடுங்க. இந்தப் பாட்டைச் செய்தது ரெண்டு பேர்" என்று பர்மியத்தில் சபையைப் பார்த்துச் சொன்னாள். மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு ஜமாலிடம் நடந்தாள். கித்தாரின் கம்பிகளுக்கு அருகே அதை நீட்டி, தமிழில், "வாசிங்க பாய்" என்றாள்.

அவர் வாசிக்கவில்லை. நேரலையில் அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று பிற்பாடு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். செசிலியாவுக்கு நீட்டிய கை வலிக்கத் தொடங்கியது. எடுக்கவில்லை.

பிறகு ஜமால் முதல் சுரத்தைத் தொட்டார். மின்சாரம் இல்லாத கித்தார், கம்பிச் சத்தம் மட்டும்தான். இரண்டாவது சுரம் தாமதமாக வந்தது. மூன்றாவது பிசகியது; அவர் அதைத் திரும்பத் தொட்டுச் சரி செய்தார். மைக் கித்தாரிடம் இருந்ததால் செசிலியா வெறும் குரலில் பாடினாள், அவருடைய கை வரும் வரை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் காத்திருந்து. முதுகு இன்னும் நிமிரவில்லை என்ற வரி அத்தனை மெதுவாக அதற்கு முன் பாடப்பட்டதில்லை. ஸ்டுடியோவில் ஒருவரும் இருமவில்லை.

பாட்டு முடிந்தது. சபை எழுந்து நின்றது. ஜமால் கித்தாரைப் பெட்டியில் வைத்து மூடினார். கார் காத்திருந்தது. "நான் பஸ்சுல போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் காட்சி மறுநாளே ஃபேஸ்புக்கில் பரவியது. நட்பு என்றார்கள், கலைக்கு மரியாதை என்றார்கள். தேநீர்க்கடையில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். எட்டு நாள் அவள் அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தாள். ஜமாலிடமிருந்து போன் வரவில்லை. ஒன்பதாம் நாள் பஸ் ஏறித் தன்லியினுக்குப் போனாள்.

ஜமால் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். தேநீர் வந்த பிறகுதான் கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"புதன்கிழமையே தெரியும், பாய்."

"அப்போ நாலு நாள்." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மேடையில நீ செஞ்சதை ஊரே பாத்துச்சு. அந்த நாலு நாளு எனக்குத்தான் தெரியும்."

"பயந்துட்டேன். இந்த வயசுல மொதத் தடவையா கூப்பிட்டாங்க. கைவிட்டுப் போயிடுமோன்னு…"

"கை எனக்குத்தானே நடுங்குது செசிலி. நீ ஏன் நடுங்கினே? சொல்லியிருந்தா வீட்டுல ஒக்காந்து டிவியில பாத்திருப்பேன். சந்தோசமாப் பாத்திருப்பேன்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையசைத்தார், ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறுபடி வா என்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வானொலிப் பேட்டியில், அந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். செசிலியா உண்மையைச் சொன்னாள். அவருடைய கித்தாரை ஊமையாக்க நானே ஒத்துக்கொண்டேன், அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தாங்க முடியவில்லை என்றாள். ஃபேஸ்புக்கில் காற்று அன்று மாலையே திசை மாறியது. கொண்டாடியவர்களில் பலர் திட்டினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அதன் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. அஞ்சலி, "இப்பதான் நீ சரியா சாப்புடுறே" என்றாள்.

மறுநாள் காலை ஜமால் போன் செய்தார்.

"அதையெல்லாம் எதுக்கு வெளியில சொன்னே?"

"கேட்டாங்க, பாய்."

"சரி. ஞாயித்துக்கிழமை வா. புதுசா ஒன்னு தோணியிருக்கு. என்னால வாசிக்க முடியாது, வாயால பாடிக் காட்டுறேன்."

அது ஆறு வருடத்துக்கு முன்பு. அதன்பின் கொரோனா வந்தது. நாட்டில் என்னென்னவோ நடந்தது. அவள் பாடிய ஹோட்டல்களில் பாதி மூடிவிட்டன. செசிலியா இப்போது கியாக்டடாவில் ஒரு சிறிய உணவகத்தில் சனிக்கிழமை மதியங்களில் பாடுகிறாள், மின்சாரம் இருக்கிற நேரமாகப் பார்த்து. ஞாயிறுகளில் தன்லியின் பஸ். ஜமாலுக்கு இரண்டு கையுமே இப்போது நடுங்குகிறது, பேச்சும் தளர்ந்துவிட்டது. மெட்டை முனகுவார், அவள் நோட்டில் சொற்களை எழுதுவாள், அவர் வேண்டாம் என்று தலையாட்டுவார், அவள் அதை அடித்துவிடுவாள். இதுவரை ஒன்பது பாட்டு ஆகியிருக்கிறது. எல்லாமே மெதுவான பாட்டுகள். பத்தாவதை மட்டும் கொஞ்சம் வேகமாகப் போட வேண்டும் என்று ஜமால் போன வாரம் பிடிவாதம் பிடித்தார். அதற்கு இன்னும் முதல் வரி கிடைக்கவில்லை.