வேனுக்குள் அறுத்தது யார்?

நம்பாதவர்கள் மலேசியாவின் பத்து பாகாட் ஊருக்கு வந்து அந்த வேனைப் பாருங்கள். அலமாரிப் பலகை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சபாபதி அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து, மனைவியோடு ஊர் சுற்ற வேண்டும் என்பது சபாபதியின் நெடுநாள் ஆசை. "நீ வேன வாங்கு லா, அலமாரிய நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவர் அவருடைய கூட்டாளி கனகராஜ். மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் தச்சு வேலை பார்த்தவர். வேன் வந்த மாதமே பக்கவாதத்தில் விழுந்துவிட்டார்.

மூவார் ஒரு மணி நேரப் பயணம்தான். சபாபதி அவரைப் பார்க்கப் போகவில்லை. முதல் வாரம் வேலை. அப்புறம் மழை. அப்புறம், இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம். அந்த வெட்கத்திலேயே நாலு மாதம் ஓடிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுத் தானே அலமாரி செய்ய இறங்கினார். மனைவி தேன்மொழி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டுச் சுவர் போல வேன் சுவர் நேராக இருக்காது, வயிறு தள்ளி வளைந்திருக்கும். பெரிய தச்சர் போல இவர் பலகையை நேராக அறுத்துவிட்டார். வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

1.40க்குப் போன் அடித்தது. கனகராஜின் மனைவி பிரேமலா. சபாபதி போனைக் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு வேனைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேநீர் கலக்க வீட்டுக்குள் போனார்.

3.05.

கர்ர்... கர்ர்...

கைவாளால் மரம் அறுக்கும் சத்தம். வேனுக்குள்ளிருந்து.

சபாபதியிடம் கைவாளே கிடையாது. மின்சார வாள்தான்.

கிட்டப் போனார். கதவு பூட்டியபடி இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். யாருமில்லை. வேன் மட்டும் லேசாக ஆடியது. உள்ளே ஆள் நடந்தால் ஆடுமே... அப்படி.

"யாரு?"

சத்தம் நின்றது. ஓர் இருமல்...

3.12. சாவியை எடுத்துத் திறந்தார்.

பக்கவாதத்துக்குத் தேய்க்கும் தைல வாடை. தரையெல்லாம் புது மரத்தூள்.

பலகை வளைந்த சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு தாள்கூட நுழையாது.

யார் கைவேலை என்று அவருக்குத் தெரியும்.

ஓடினார்.

மாலையில் தேன்மொழிதான் சேதி சொன்னாள். கனகராஜ் போய்விட்டார்.

மறுநாள் மூவாரில், அந்த வாசலில் செருப்பைக் கழற்றவே சபாபதிக்குக் கூசியது. பிரேமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நான் மருந்து வாங்கப் போனப்ப வந்தீங்களாண்ணே? திரும்பி வந்து பாக்குறேன், மணி மூணேகாலு. கண்ணு முழிச்சு, 'சபாவப் பாத்தாச்சு'ன்னாரு. அப்புறம்தான் மூச்சு நின்னுச்சு. நீங்க வந்ததே போதும்ணே."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதை நினைத்தால் இன்றும் கூனிக் குறுகிப் போகிறார்.

பிரேமலா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணுதான் புரியலண்ணே. குளிப்பாட்டுறப்ப பாத்தோம்... வலது கை நகத்துக்குள்ள பூரா மரத்தூள். நாலு மாசமா அந்தக் கை அசையவே இல்லண்ணே."