மூடிய கண்களோடு ஒரு குதிப்பு

ராணுவத்தில் பாராசூட் மடித்துக் கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். மரக்காணம் உப்பளத்தோர டீக்கடையில் அந்த விஷயத்தில் என் பேச்சே கடைசிப் பேச்சு, எங்களோடு டீ குடிக்கும் சலீம் பாய், துபாயில் தான் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த வீடியோவோடு வரும்வரை.

உப்பு வாரப் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வார்ப்பட்டை, ஹெல்மெட், கால் மடக்கிய விதம் என்று குறை தேடினேன். கடைசியில் ஒன்று கிடைத்தது.

"என்ன பாய், கண்ணையே தொறக்கலியே?"

"பயம் சார். நானே வீடியோவுலதான் பாத்தேன்," என்று சிரித்தார். "நீங்க குதிக்கிறப்ப தொறந்தா வச்சிருந்தீங்க?"

கடையே என்னைப் பார்த்தது.

"நான் குதிச்சதே இல்ல பாய்."

அவர் வீடியோவை எனக்கு அனுப்பிவைத்தார். வீட்டில் யாரும் இல்லாதபோது அதைப் போட்டுப் பார்க்கிறேன். விமானத்தின் கதவருகே அவர் கண்ணை மூடும்போது நானும் மூடிக்கொள்கிறேன்.