அம்பர்நாத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓர் எவர்சில்வர் தட்டை நாலாவது தடவையாகக் கீழே போட்டேன். கை தவறி அல்ல — வேண்டுமென்றே.

கீழ் வீட்டு மாமி ஜன்னல் வழியாக, "என்னடி அது, கூரை இடிஞ்சு விழுந்துடுத்தா?" என்று கத்தினாள். எங்கள் உஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்மையின் தலையைத் திருகுவதிலேயே மும்முரமாக இருந்தாள்.

உஷாவுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'அம்மா' கூட இல்லை. கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. இவளுக்குக் காது கேட்கிறதா? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. முதல் தடவை தட்டைப் போட்டபோது திரும்பினாள்தான். ஆனால் அது சத்தத்துக்கா, தரை அதிர்ந்ததற்கா? அதற்கப்புறம் திரும்பவே இல்லையே! டாக்டர் புதன்கிழமை அழைத்து வரச் சொல்லியிருந்தார். அதுவரை பொறுத்திருக்க வேண்டியதுதானே? முடிந்தால்தானே...

"போதும், தட்டெல்லாம் நசுங்கறது. கிளம்பு, அம்பர்நாத் போயிட்டு வரலாம்" என்றார் என் கணவர். அங்கே ரொம்பப் பழைய சிவன் கோவில் ஒன்று சிதிலமாகிக் கிடக்கிறதாம். அவசியம் பார்க்க வேண்டியது என்று ஆபீசில் யாரோ சொன்னார்களாம்.

சிதிலமான கோவிலுக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு போகலாமா? பின்னமான சுவாமியைக் கும்பிடக் கூடாது என்பார்களே? சரி, போகவில்லை என்றால்? சிவன் பேரைக் கேட்ட பிறகும் போகாமலிருந்த குற்றம் வந்து சேராதா? குழம்பிக்கொண்டே மார்க்கெட்டில் தேங்காய், பூ, வெற்றிலை, கற்பூரம் எல்லாம் வாங்கினேன். மாடுங்காவில் ரயிலேறி, கல்யாணில் மாறி, அம்பர்நாத்தில் இறங்கி, ஒரு டாங்கா குதிரைவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

கறுப்புக் கல்லாலான கோவில். பக்கத்தில் சின்னதாக ஓர் ஆறு. சுவர் முழுக்கச் சிற்பங்கள் — மூக்கில்லாத தேவதை, தும்பிக்கை போன யானை, கையில்லாமல் ஆடுகிற யாரோ ஒருவர். ஒரு பெண் சிலைக்குக் காது இருந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. சட்டென்று உஷாவை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் குழந்தையாக இருந்தால் நீங்களும் இழுத்திருப்பீர்கள்.

உள்ளே மண்டபம் ஒரே இருட்டு. கர்ப்பக்கிருகம் தரைமட்டத்துக்குக் கீழே. படியிறங்கித்தான் போக வேண்டும். அதற்கு மேலே கோபுரம் பாதியில் நின்றுபோய் வானம் தெரிந்தது. அந்தத் திறப்பின் வழியாக வெளிச்சம் நேரே லிங்கத்தின் மேல் விழுந்தது.

நான் மேல்படியில் நின்றுகொண்டேன். அர்ச்சனைத் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி, "உஷா, ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லத் தயாராக. நின்றேன்... நின்றுகொண்டே இருந்தேன்.

"யாருக்காகக் காத்திண்டிருக்கே?" என்றார் இவர்.

"குருக்கள் வரட்டும்னா. அர்ச்சனை பண்ண வேண்டாமா?"

"நன்னாயிருக்கு! வௌவாலைத் தவிர இங்கே யாரும் உத்தியோகத்தில் இருக்கறதாத் தெரியலையே!"

அப்போது ஒரு மராட்டிப் பெண் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைத் தாண்டி விறுவிறுவென்று இறங்கினாள். லிங்கத்தின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டாள்! எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் பூஜை செய்கிறவரைத் தவிர யாராவது அந்த வாசலை மிதிக்க முடியுமா?

அவள் நிமிர்ந்து பார்த்து, "யா நா, பாயி!" என்று என்னையும் கூப்பிட்டாள்.

"புஜாரி?" என்றேன்.

"புஜாரி கஷாலா? தேவ் ஆப்லாச் ஆஹே!" பூசாரி எதற்கு, சுவாமி நம்முடையவர்தானே என்று சிரிக்கிறாள்.

போகலாமா, கூடாதா? நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உஷா யோசிக்கவில்லை. என் புடவைத் தலைப்பை விட்டுவிட்டு, படிக்குப் படி உட்கார்ந்து நகர்ந்து, உள்ளே இறங்கிவிட்டாள். "உஷா! உஷா!" என்று கூப்பிட்டேன். வழக்கம்போலத் திரும்பவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் படிந்திருந்த பாசியைத் தடவ ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் சொம்பை மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் சத்தமே இல்லாமல் கல்லில் வழிந்தது. கடைசியில் சொம்பின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு கீழே தேங்கிய தண்ணீரில் விழுந்தது — டொப்.

உஷா திரும்பினாள்.

"பாத்தேளா?" என்றேன்.

"பாத்தேன்."

உடனே அடுத்த சந்தேகம். தற்செயலாகத் திரும்பியிருந்தால்? அர்ச்சனைத் தட்டை இவர் கையில் திணித்துவிட்டு இறங்கினேன். எந்தக் காலை முதலில் உள்ளே வைத்தேன் என்பதுகூட நினைவில்லை. அந்தப் பெண்ணிடம் சொம்பை வாங்கிக்கொண்டேன். குழந்தை மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தேன். ஒரு சொட்டு விட்டேன்.

திரும்பினாள்.

மறுபடியும் ஒரு சொட்டு. இந்தத் தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்! அது சுவாமிக்கு அபிஷேகமா, குழந்தைக்குப் பரிசோதனையா என்று கேட்காதீர்கள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமலே என் தோளைத் தட்டிக்கொடுத்ததுதான் நினைவிருக்கிறது.

திரும்பி வரும்போது ரயிலில், "நான் உள்ளே போனது தப்பாயிடுமோன்னா?" என்றேன்.

"வர்றவாளெல்லாம் போற இடம். உனக்கு மட்டும் தனிச் சட்டமா? பேசாம வா" என்றார்.

பேசாமல் வந்தேன். யோசித்தேன். எங்கள் வீட்டில் ரயில் சத்தம், ரேடியோச் சத்தம், குழாயடிச் சண்டை. எல்லாவற்றுக்கும் மேலே நான். உஷா, இங்கே வா. உஷா, அதைத் தொடாதே. உஷா, பாலைக் குடி. உஷா, என்னைப் பார்... காலையிலிருந்து ராத்திரிவரை ஊதிக்கொண்டிருக்கும் மில் சங்குக்கு யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? பாவம், குழந்தை என்னையும் அந்தச் சத்தங்களோடு சேர்த்துவிட்டது போலிருக்கிறது. இடிந்த கோவிலில், எல்லாரும் வாயை மூடிக்கொண்ட இடத்தில், ஒரே ஒரு சொட்டு போதுமாயிருந்தது.

புதன்கிழமை டாக்டரிடமும் போனோம். போகாமலிருப்பேனா? முன்னும் பின்னும் நின்று மணியடித்துப் பார்த்தார். கரண்டியால் தட்டிப் பார்த்தார். "காது நன்னாவே கேக்கறது. சில குழந்தைகள் லேட்டாத்தான் பேசும். அடுத்த மாசம் அழைச்சிண்டு வாங்கோ" என்றவர், "ஆத்தில் யார் ஜாஸ்தி பேசறது?" என்று கேட்டார்.

என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுகிறேன். ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று மத்தியானம் ஒரே ஒரு தடவை, மெதுவாக, "உஷா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். அவள் இன்னும் பேசவில்லை; நான் இன்னும் கவலைப்படுவதை விடவில்லை.

மிச்சப் பேச்சையெல்லாம் என்ன செய்கிறேன் என்கிறீர்களா? அதைத்தானே இவ்வளவு நேரம் படித்தீர்கள்!